ரோசா பார்க்ஸ் நாடகம் நிறுத்தப்பட்ட பிறகு: ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் காலையில் இரண்டு மணி நேரம் நடக்கும் தமிழ்ப் பள்ளி அது. இந்த ஆய்வு அதன் நான்காம் நிலை வகுப்பைப் பற்றியது. 9 முதல் 11 வயது வரை 13 பிள்ளைகள். பெற்றோரிலிருந்தே வந்த இரண்டு தன்னார்வ ஆசிரியர்கள். பொங்கல் விழா மேடையில் ஒவ்வொரு நிலைக்கும் 12 நிமிடம் ஒதுக்குவது பள்ளியின் வழக்கம். அந்த ஆண்டு விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை. அதை ஒட்டி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தைப் பிள்ளைகள் தமிழில் கற்று, வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்து ரோசா பார்க்ஸ் கைதான பேருந்துக் காட்சியை நாடகமாக நடிப்பது என்று நவம்பர் தொடக்கத்தில் முடிவானது.

திட்டத்தை அறிவித்ததுமே ஒரு தந்தை கேட்டார்: "இதெல்லாம் அவங்க ஸ்கூல்லயே சொல்லித் தராங்களே, நம்ம கிளாஸ்ல எதுக்கு?" பள்ளியின் முதல்வர் சொன்ன பதில் இது. 1946 சட்டப்படி இந்தியர்களுக்கான குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். நாட்டுவாரியான அந்த ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டம் 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தானது. 1964 ஜூலையில் வந்த குடிமை உரிமைச் சட்டத்துக்கும் 1965 ஆகஸ்டில் வந்த வாக்குரிமைச் சட்டத்துக்கும் பின்னால், அதே அலையில் வந்த சட்டம் அது. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த வழி அங்கேதான் திறந்தது. தந்தை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

முதல் இரண்டு வாரங்களில் கண்டவை

முதல் வகுப்பில் பாடம் தொடங்குமுன் ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கினார்கள்: ரோசா பார்க்ஸ் ஏன் எழுந்திருக்கவில்லை? "கால் வலிச்சுது", "வயசானவங்க", "வேலை பார்த்து டயர்டா இருந்தாங்க" என்றே பெரும்பாலோர் எழுதினார்கள். தமிழில் எழுத வராதவர்கள் படம் வரைந்தார்கள். அதிலும் நரைத்த தலையோடு ஒரு பாட்டி.

இது இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. அமெரிக்கப் பள்ளிகளில் சிறு வயதில் சொல்லப்படும் கதையே பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: களைத்துப்போன ஒரு பெண் உட்கார்ந்தார், ஒரு போதகர் உரையாற்றினார், சட்டம் மாறியது. அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்த 381 நாள் நடுவில் காணாமல் போய்விடுகிறது. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸுக்கு வயது 42. பல்பொருள் அங்காடி ஒன்றில் தையல் வேலை. 1943 முதல், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மாண்ட்கோமரி கிளைச் செயலாளராக வழக்குகளைப் பதிவு செய்து வந்தவர். கைதாவதற்குச் சில மாதங்கள் முன்புதான் டென்னசியில் சமூகப் போராளிகளுக்கான ஹைலாண்டர் பயிற்சிப் பள்ளிக்குப் போய்வந்திருந்தார். கால் வலிதான் காரணம் என்று படிக்கும் பிள்ளைக்கு, ஓர் இயக்கம் எப்படி நடக்கிறது என்று கேட்கவே தோன்றாது.

இரண்டாம் வாரம் கட்டத் தாளில் பேருந்தை வரைந்தார்கள். 36 இருக்கைகள். முன்னால் 10 வெள்ளையருக்கு, பின்னால் 10 கறுப்பினத்தவருக்கு, நடுவில் உள்ள 16 ஓட்டுநர் சொல்கிறபடி. மூன்று நிறப் பென்சில். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். இதற்கு 20 நிமிடம் போதும், பலனோ பெரிது. ரோசா பார்க்ஸ் வெள்ளையர் இருக்கையில் போய் உட்கார்ந்தார் என்று நினைத்திருந்தவர்கள், அவர் இருந்தது நடுப்பகுதியின் முதல் வரிசை என்று தாங்களே குறித்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு வெள்ளையர் உட்கார அந்த வரிசையின் நான்கு பேரும் எழ வேண்டும் என்பது ஓட்டுநரின் ஆணை. மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். "ஒருத்தருக்கு எதுக்கு நாலு சீட்?" என்று ஒரு பையன் கேட்டான். வெள்ளையர் இருக்கும் வரிசையில் கறுப்பினத்தவர் யாரும் இருக்கக் கூடாது என்பதுதான் பதில். இதை ஆசிரியர் சொல்லாமல் தாளையே பார்க்கச் சொன்னது நல்ல முறை. முன்படியில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, கீழே இறங்கி, பின்படி வழியாக மறுபடி ஏற வேண்டும் என்ற வழக்கத்தையும், அதற்குள் சில ஓட்டுநர்கள் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள் என்பதையும் அதே தாளில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள்.

மூன்றாம் வாரம்: நாடகத்துக்கு ஆள் தேர்வு

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து வேடம் பிரித்தார்கள். ரோசா பார்க்ஸாக, வகுப்பிலேயே கறுப்பு கூடிய பத்து வயதுச் சிறுமி. வெள்ளைக்காரப் பயணிகளாக, வெளுத்த நிறமுள்ள நான்கு பேர். ஏன் இப்படி என்று யாரும் சொல்லவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதும் இல்லை. உடை ஏற்பாட்டுக்கு வந்திருந்த ஒரு பெற்றோர், "மத்தவங்களுக்கெல்லாம் கொஞ்சம் மை பூசிக்கலாம், மேடை லைட்டுல நல்லாத் தெரியும்" என்றார். ஒத்திகையில் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டுச் சிலரைப் பின்னால் அனுப்பினார்கள். முன்வரிசைப் பையன்கள் இருவருக்கு அது உற்சாகமாகிவிட்டது. இடைவேளையில் நொறுக்குத்தீனி வரிசையிலும் அதே சிறுமியைப் பார்த்து, "நீ பின்னாடி போ" என்றார்கள்.

அன்று மாலை அவள் தன் தாயிடம் சொன்னது: "நான் கறுப்பா இருக்கேன்னுதான் என்னை எடுத்தாங்க." தாய் முதல்வருக்கு அனுப்பிய குரல் செய்தியில் கோபத்தைவிடக் களைப்பே கூடுதலாக இருந்தது. ஊரில் தான் கேட்ட பேச்சை மகள் இங்கே வந்தும் கேட்க வேண்டுமா என்பது அவர் கேள்வி.

மூன்று தவறுகள் ஒன்றாகக் கலந்திருந்தன. தனித்தனியாகப் பார்த்தால்தான் திருத்த முடியும். முதலாவது, ஒடுக்குமுறையை நடித்துக் காட்டிக் கற்பிப்பது. பிள்ளைகள் உணர்ந்து கொள்ளட்டும் என்றுதான் பல ஆசிரியர்கள் இதைச் செய்கிறார்கள். ஆனால் 20 நிமிட ஒத்திகையில் முன்வரிசைக்காரனுக்குக் கிடைப்பது அதிகாரத்தின் ருசி, பின்வரிசைக்காரிக்குக் கிடைப்பது அவமானம். அந்தப் போராட்டத்தைப் பற்றி இருவரும் எதுவும் கற்பதில்லை. இரண்டாவது, முகத்தில் மை பூசுவது. வெள்ளைக்கார நடிகர்கள் கறுப்பு மை பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கோமாளிகளாக்கிக் காட்டிய மேடைக் கேளிக்கை 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி நெடுங்காலம் இங்கே ஓடியது. அதனால் எந்த நல்ல நோக்கத்தோடு பூசினாலும் இங்கே அது இழிவாகவே படும். ஊரில் கட்டபொம்மனுக்கு மீசை வரைவதுபோல் நினைத்துச் சொன்ன அந்தப் பெற்றோருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்கவில்லை. மூன்றாவது, நம் வீடுகளிலேயே இருக்கும் நிறப் பார்வை. முதல் இரண்டுக்கும் அமெரிக்க ஆசிரியர் கையேடுகளில் எச்சரிக்கை இருக்கிறது. மூன்றாவதைத் தமிழர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல்வர் அன்றிரவே தாயைத் தொலைபேசியில் அழைத்தார். செய்திக்குச் செய்தி அனுப்பினால் அது பெற்றோர் குழுவில் விவாதமாகிவிடும் என்பது ஒரு காரணம். குரலில் கேட்டதற்குக் குரலில்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. விளக்கம் எதுவும் சொல்லாமல், "நாடகம் வேண்டாம்னு நிறுத்திடறோம்மா. பாப்பா என்ன செய்ய ஆசைப்படறாளோ அதை அவளே சொல்லட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வகுப்பில் சிறுமியின் பெயரைச் சொல்லாமல் காரணத்தைச் சொன்னார்கள்: நிறத்தைப் பார்த்து வேடம் கொடுத்தது தவறு, கொடுத்தவர்கள் ஆசிரியர்கள், தவறும் அவர்களுடையது. அந்த இரண்டு பையன்களிடம் தனியாகப் பேசினார்கள். எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்க வைக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் சிறுமி இரண்டாம் முறையும் எல்லார் கண்ணிலும் பட்டிருப்பாள்.

மேடைக்கு நாடகம் போய் வாசிப்பு வந்தது. யாரும் யாராகவும் நடிக்க மாட்டார்கள். "1955இல் இது நடந்தது" என்று படர்க்கையில் வாசிப்பார்கள். கூடத்தின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு, புறக்கணிப்பின்போது மக்கள் எப்படி வேலைக்குப் போனார்கள் என்பதைப் பிள்ளைகளே செய்து காட்டுவார்கள். ஒடுக்கியதை நடிப்பதை விட்டுவிட்டு ஒழுங்கமைத்ததைச் செய்து பார்ப்பது என்பதே மாற்றத்தின் சாரம்.

படத் தேர்வுக்கும் எல்லை வைத்தார்கள். 1955 ஆகஸ்டில் வெள்ளையர்களால் கொல்லப்பட்ட 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் சவப்பெட்டிப் படம் இந்த வயதுக்கு வேண்டாம். நிகழ்ச்சியை ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும். 1963 மே மாதம் அலபாமாவின் பர்மிங்காமில் பிரிவினையை எதிர்த்துப் பள்ளியை விட்டு ஊர்வலம் போன பிள்ளைகளின் படங்கள் உண்டு. ஆனால் போலீஸ் நாய்கள் பாயும் படத்துக்குப் பதில், பிள்ளைகள் பாடிக்கொண்டே தேவாலயத்திலிருந்து வெளியே வரும் படம். அந்த ஊர்வலத்தில் கைதானவர்களில் ஆட்ரி ஃபே ஹெண்ட்ரிக்ஸ் என்ற ஒன்பது வயதுச் சிறுமியும் ஒருத்தி. ஒரு வாரம் சிறையில் இருந்தாள். வகுப்பில் பாதிப் பேருக்கு அவள் வயதுதான்.

திருத்திய பாடம்: கார் அட்டவணை

தேவைப்பட்டவை: 2 அடிக்கு 3 அடி அட்டை ஒன்று, அதில் நகரத்தின் எளிய வரைபடம், வண்டிகளாக 10 தீப்பெட்டி, பயணிகளாக 100 புளியங்கொட்டை, ஐந்து செய்தி அட்டை. வரைபடத்தில் கறுப்பின மக்கள் வாழும் மூன்று பகுதிகள், நகர மையம், வீட்டு வேலைக்குப் போகும் வெள்ளையர் பகுதிகள் இரண்டு. ஒரு வண்டியில் ஐந்து கொட்டை. ஒரு சுற்று என்பது போக 15 நிமிடம், வர 15 நிமிடம். காலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் 100 பேரையும் சேர்க்க வேண்டும், அதாவது நான்கு சுற்று.

பிள்ளைகள் முதலில் செய்த தவறு எல்லாக் குழுவும் செய்யும் தவறுதான்: பக்கத்தில் இருக்கும் கொட்டைகளை அள்ளி வண்டியை நிரப்பிவிட்டார்கள். ஐந்து பேரும் ஐந்து திசையில் போக வேண்டியவர்கள். அப்போதுதான் ஒரு சிறுமி, "ஒரே இடத்துக்குப் போறவங்க ஒரே இடத்துல வந்து நிக்கணும்" என்றாள். மாண்ட்கோமரி மக்கள் செய்ததும் அதுவே. காலையில் ஏறுவதற்கு நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள், மாலையில் திரும்புவதற்கு நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள், நகர மையத்தில் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான வாகன நிறுத்துமிடம் மாற்றுமிடமாக. ஓடியவை ஏறத்தாழ 300 கார்கள். இந்தத் தகவலை முன்கூட்டியே சொல்லாமல், பிள்ளைகள் முட்டிக்கொண்ட பிறகு சொன்னதால் அது தங்கியது. இரண்டாவது தவறு, போன வண்டி திரும்பி வர வேண்டும் என்பதை மறப்பது. தீப்பெட்டியைக் கையால் தூக்கி வைக்க விடாமல் தள்ளிக்கொண்டே போகச் சொன்னால் இது சரியாகிவிடும்.

10 வண்டியும் ஓடினால் ஒரு சுற்றில் 50 பேர், இரண்டே சுற்றில் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் எளிது என்கிறார்கள். அங்கிருந்து அட்டைகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். முதல் அட்டை: பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றிய டாக்சிகளிடம், குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியை நகராட்சி கறாராக்கியது. நான்கு வண்டி போயிற்று. சுற்றுக்கு 30 பேர், நான்கு சுற்று, மணி சரியாக 8. இரண்டாவது: சின்னச் சின்ன விதிமீறலுக்கெல்லாம் போலீஸ் வண்டியை நிறுத்துகிறது. 1956 ஜனவரியில், புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கிய கிங்கையே, 25 மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 30 மைலில் போனதாகக் கைது செய்தார்கள். ஒரு வண்டி ஒரு சுற்றை இழக்கிறது. ஐந்து இடம் குறைகிறது, 100 பேர் போக 15 இடம்தான் மிச்சம். மூன்றாவது: தேவாலயங்களின் பெயரில் வாங்கிய ஸ்டேஷன் வேகன்களுக்குக் காப்பீட்டை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வண்டி நிற்கிறது. சுற்றுக்கு 20 பேர், நான்கு சுற்றில் 80. மீதி 20 கொட்டையை ஓரத்தில் "நடை" என்று எழுதிய பட்டையில் வைக்க வேண்டும். நான்காவது: லண்டன் லாயிட்ஸ் மூலம் காப்பீடு கிடைத்தது, இரண்டும் திரும்ப ஓடுகின்றன. ஐந்தாவது: 1956 நவம்பர் 13. கார் ஏற்பாட்டுக்கே தடை கேட்ட வழக்கு அலபாமா நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, பேருந்துப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்ட செய்தி வந்தது. வென்ற நாளிலேயே கார்களுக்கும் தடை விழுந்தது. உத்தரவு நகரத்துக்கு வந்து சேர டிசம்பர் 20 ஆனது. அதுவரை 100 கொட்டையும் நடைப் பட்டைக்கு.

இந்த ஐந்தாவது அட்டையில்தான் வகுப்பு அமைதியானது. "ஜெயிச்சிட்டாங்கல்ல, அப்புறம் ஏன் நடக்கணும்?" என்ற கேள்விக்கு நேரம் கொடுக்க வேண்டும். தீர்ப்பு வருவது ஒன்று, அது நடைமுறைக்கு வருவது இன்னொன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

1956 ஜனவரி 30 அன்று கிங்கின் வீட்டு முகப்பில் குண்டு வெடித்ததை அட்டையாக வைக்கவில்லை. உயிருக்கு வந்த ஆபத்து, புளியங்கொட்டை நகர்த்தும் விளையாட்டில் ஒரு திருப்பமாகிவிடக் கூடாது. பயிற்சி முடிந்தபின் ஆசிரியர் தனியாகச் சொன்னார்: உள்ளே அவர் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள், இருவருக்கும் காயமில்லை.

இரண்டு கிளைப்பாடங்கள் இதோடு ஒட்டிக்கொண்டன. ஒன்று துண்டறிக்கை. கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, கல்லூரியின் படியெடுக்கும் இயந்திரத்தில் பல்லாயிரம் பிரதிகள் எடுத்தார். ஒரு தாளில் மூன்று அறிக்கை அச்சிட்டு வெட்டினார்கள் என்றதும் பிள்ளைகள் தாளை மடித்து அளந்து பார்த்தார்கள். மற்றொன்று பணம். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண், கோழிச் சாப்பாடும் கேக்கும் விற்று இயக்கத்துக்கு நிதி திரட்டினார். சமைத்தவர்கள் யாரென்று வெளியே தெரிந்தால் அவர்கள் வேலை போய்விடும் என்பதால் குழுவின் பெயரே 'எங்கிருந்தும் வராத சங்கம்' என்ற பொருளில் இருந்தது. பொங்கல் விழாவில் சாப்பாட்டுக் கடை போடும் பெற்றோருக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது.

பதினைந்து வயதுக் கிளாடெட் கோல்வின் 1955 மார்ச் 2 அன்றே, அதாவது ஒன்பது மாதம் முன்னதாகவே, எழ மறுத்துக் கைதானதை ஏழாம் வாரம் சொன்னார்கள். பேருந்துப் பிரிவினையை வீழ்த்திய வழக்கின் நான்கு வாதிகளில் அவரும் ஒருவர். ரோசா பார்க்ஸ் அதில் வாதி அல்ல. கோல்வின்மீதான பழைய பதிவு 2021இல்தான் நீக்கப்பட்டது. அவரை ஏன் அப்போது முன்னிறுத்தவில்லை என்று பிள்ளைகள் கேட்டார்கள். வயது, ஏழ்மை, நீதிமன்றத்தில் யார் நிலைத்து நிற்பார் என்ற தலைவர்களின் கணக்கு என்று உள்ளபடியே சொன்னார்கள். "அது அநியாயம்" என்றாள் ஒருத்தி. மறுக்கவில்லை.

எதிர்பாராத கேள்வி

இருக்கைத் தாளைச் சுவரில் ஒட்டும்போது ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், இந்தியாலயும் பஸ்ல இப்படி இருந்துச்சா?" ஆசிரியர் அடுத்த வாரம் சொல்வதாகச் சொன்னார். பெரும்பாலும் அந்த அடுத்த வாரம் வருவதில்லை, இங்கே வந்தது. ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்த தனியார் பேருந்துகள் தமிழ்நாட்டிலேயே இருந்தன. இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுத்தால் உரிமம் போகும் என்று ஆணையிட்டார். 1959இல் இந்தியா வந்த கிங், திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்ததாகவும், பிறகு யோசித்து அது உண்மைதான் என்று உணர்ந்ததாகவும் கிங் பின்னாளில் ஒரு சொற்பொழிவில் சொன்னார்.

இந்த 15 நிமிடத்துக்காக இரண்டு குடும்பங்கள் முதல்வரிடம் குறை சொன்னார்கள். பிள்ளைகளுக்குச் சாதி தெரியாமலே வளரட்டும் என்பது அவர்கள் வாதம். பள்ளிக் குழு இந்தத் தலைப்பை அடுத்த ஆண்டு ஆறாம் நிலைக்குத் தள்ளிவைத்தது. இந்த முடிவு சமாதானத்துக்காக எடுத்தது, பாடத்துக்காக அல்ல. நொறுக்குத்தீனி வரிசையில் "பின்னாடி போ" என்று சொன்ன பையனுக்கு அந்தப் பார்வை அலபாமாவிலிருந்து வந்ததல்ல.

பின்விளைவுகள்

விழாவில் வாசிப்பு 11 நிமிடத்தில் முடிந்தது. மேசையைச் சுற்றிக் கூட்டம் நின்றது. பெரியவர்களும் முதல் சுற்றில் கொட்டைகளை அள்ளித்தான் நிரப்பினார்கள். அந்தச் சிறுமி மேடைக்கு வர விரும்பவில்லை. மேசையில் அட்டைகளைத் திறக்கும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரியில் அதே கேள்வியை மறுபடி கொடுத்தார்கள். கால் வலி என்று யாரும் எழுதவில்லை. ஆனால் புதிதாக இரண்டு பிழைகள் தலைகாட்டின. வெள்ளையர் எல்லாரும் எதிரிகள் என்று சிலர் எழுதினார்கள். கறுப்பின லூத்தரன் சபையின் வெள்ளைக்காரப் போதகர் ராபர்ட் கிரேட்ஸ் தானே காரோட்டினார், அவர் வீட்டிலும் குண்டு வீசினார்கள் என்பது பாடத்தில் விடுபட்டிருந்தது. வேறு சிலர், 1956 டிசம்பரோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினார்கள். பேருந்துகள் பொதுவான சில நாட்களிலேயே அவற்றின்மீது துப்பாக்கியால் சுட்டார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த முறை மாற்றுபவை

கார் அட்டவணைக்கு ஒதுக்கிய 50 நிமிடம் போதவில்லை. ஐந்தாவது அட்டை அவசரத்தில் போயிற்று. இரண்டு வாரமாகப் பிரித்து, மூன்றாவது அட்டையோடு முதல் வாரத்தை நிறுத்தி, கொட்டைகள் நடைப் பட்டையில் இருக்கும் நிலையில் அட்டையை அப்படியே அலமாரியில் வைக்க வேண்டும். இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்ததும் பயன்படவில்லை, வேகமே குறியாகிவிட்டது. ஒரே அணி, கடிகாரம் ஆசிரியர் கையில்.

முதல் கோரிக்கைகள் எவ்வளவு சிறியவை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். மரியாதையாக நடத்துவது, வந்த வரிசையில் உட்காருவது (கறுப்பினத்தவர் பின்னாலிருந்து, வெள்ளையர் முன்னாலிருந்து), கறுப்பினத்தவர் மிகுந்த தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள். பிரிவினையை ஒழிக்கக்கூட முதலில் கேட்கவில்லை. அதையும் மறுத்த பிறகுதான் பிரிவினையையே எதிர்த்து வழக்குப் போட்டார்கள். இருக்கைத் தாளிலேயே இந்த இடைக்கால ஏற்பாட்டை இன்னொரு நிறத்தில் வரையச் சொல்லலாம்.

விழாவுக்கு உடையும் ஒப்பனையும் பார்க்கும் பெற்றோருடன் முதல் வாரமே ஒரு கூட்டம். மை கிடையாது, நிறம் பார்த்து வேடம் கிடையாது என்பதைக் காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். வாசிப்பில் பழைய துண்டறிக்கையை மேற்கோள் காட்டினால், அதில் வரும் 'நீக்ரோ' என்ற சொல் அன்றைய வழக்கு, இன்று நாம் சொல்வதில்லை என்று வாசிப்பவரே முதலில் அறிவிக்க வேண்டும். இந்த ஆண்டு அந்த வரியை வாசித்தபோது பின்வரிசையில் சிறுவர்கள் சிரித்தார்கள். நிறுத்தி விளக்க மேடையில் ஆளில்லை.